எர்த் சேராத ஹெட்போன்

"காதுல மாட்டிக் கேட்டா, பின்னாடி பேசுறவுக சத்தம் கேக்குமாலே?"

அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் படிப்பு. காலையும் மாலையும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருவேன். கையில் எப்போதும் ஏதாவது ஓர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை இருக்கும், அதில் ஏதாவது ஓர் ஆம்ப்ளிபயரின் சர்க்யூட் மடித்து வைக்கப்பட்டிருக்கும். யார் என்ன கேட்டாலும் என்னிடம் பதில் உண்டு. தெரியாத விஷயம் என்றால் பதில் இன்னும் வேகமாக வரும்.

"கேக்கும்ணே. நல்ல ஹெட்போனும் நல்ல ஆம்ப்ளிபயரும் இருந்தா ஈ பறக்கிறதுகூடக் கேக்கும்," என்றேன்.

அவன் கேட்க விரும்பியது ஈயை அல்ல, மதினியை. அவள் இறந்துபோயிருந்தாள்.

அண்ணன் சவூதியில் வேலை பார்த்தான். லீவில் வந்தபோது கல்யாணம் நடந்தது. லீவு முடிந்ததும் மதினியை எங்களோடு விட்டுவிட்டுப் போனான். அத்தா ஏற்கெனவே தவறிவிட்டதால் வீட்டில் அம்மா, நான், மதினி மூன்று பேர்தான். அவளுக்கு முதலில் காய்ச்சல் என்றார்கள், பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. தந்தி கொடுத்தோம். பாஸ்போர்ட் முதலாளியின் கையில் இருந்ததால் அண்ணனால் கிளம்ப முடியவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது கபரின் மேல் மண் இறுகிப் புல் முளைத்திருந்தது.

வந்தவன் அழவில்லை. கடைத்தெருவுக்குப் போனான், தொழுகைக்குப் போனான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஒருநாள் கிணற்றடியில் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"மொகம் நல்லா ஞாபகம் இருக்குலே. சத்தம் வர மாட்டேங்குது."

மதினியின் குரல் எனக்கு நினைவிருந்தது. ஆனால் அதை இன்னொருவருக்கு எப்படிச் சொல்லிக் காட்டுவது?

அவனிடம் ஒரு கேசட் இருந்தது. எங்கள் தெருவில் வெளிநாட்டில் ஆள் இருக்கும் எல்லா வீடுகளிலும் அப்போது கேசட்டில்தான் பேசினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டபின் டேப்பை நடுவில் வைத்து, சலாம் சொல்லி ஆரம்பித்து, மழை பெய்ததிலிருந்து மாடு கன்று போட்டதுவரை எல்லாவற்றையும் பேசுவார்கள். அங்கே போகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அங்கே இருப்பவர் அதைக் கேட்டு முடித்துவிட்டு, அதே கேசட்டில், அதன் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். ஒரே கேசட் போகும், வரும். ஒவ்வொரு தடவையும் போன தடவை பேசியது அழிந்துபோகும். அதில் யாருக்கும் வருத்தமில்லை. கேட்டாயிற்று, பதில் சொல்லியாயிற்று, பிறகு எதற்கு?

கடைசியாக நாங்கள் பேசி அனுப்பிய கேசட்டுக்கு அண்ணன் பதில் பேசுவதற்குள் தந்தி போய்விட்டது. அதனால் அது மட்டும் அழியாமல் தங்கிவிட்டது.

ஆனால் அதிலும் மதினி பேசவில்லை. எந்தக் கேசட்டிலும் அவள் பேசியதில்லை. "அங்க ரூமுல எத்தன ஆம்பளைக இருப்பாக. கூடி உக்காந்து கேப்பாக. நம்ம வீட்டுப் புள்ள சத்தம் அம்புட்டுப் பேருக்கும் எதுக்கு?" என்பாள் அம்மா. மதினிக்கு எழுதவும் வராது. கடிதம் என்றால் நான்தான் எழுத வேண்டும். கொழுந்தனிடம் எதைச் சொல்லி எழுதச் சொல்வாள்?

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் அனுப்பியிருந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெரிய டூ இன் ஒன்னை ஸ்டூலில் வைத்திருந்தோம். இடது ஓரத்தில் ஒன்றும் வலது ஓரத்தில் ஒன்றுமாக அதற்கு இரண்டு மைக். அம்மா பாயில் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். மதினி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றாள். பட்டனை அழுத்தியது நான். சத்தத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் யார் என்ன பேசினார்கள் என்பது என் மனதில் ஏறவில்லை.

இப்போது அந்தக் கேசட்டை டூ இன் ஒன்னில் போட்டால் அம்மாவின் குரல்தான் வீடு முழுக்க நிறைந்தது. ஓரிடத்தில், அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே, அதற்குப் பின்னால் வேறொரு பெண்குரல் அசைவது தெரிந்தது. வார்த்தை புரியவில்லை. அண்ணன் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டான். ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டவைத்துக் கேட்டான். அதன் பிறகுதான் என்னிடம் வந்தான்.

எனக்கு அவன் துக்கம் புரியாமல் இல்லை. ஆனாலும் உண்மையைச் சொன்னால், ஆம்ப்ளிபயர் கட்ட ஒரு காரணம் கிடைத்ததே என்று உள்ளுக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. மறுநாளே பாலிடெக்னிக் முடிந்ததும் பஞ்சு மார்க்கெட் பக்கம் இருந்த ரேடியோ சாமான் கடைக்குப் போனேன். கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் டீக்கடைக்கும் ஆம்ப்ளிபயர் கட்டித் தருகிற கடை அது. அங்கே வருகிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எம்புட்டுத் தூரம் அடிக்கும்?

கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"ஏமப்பா, எந்த ஊரு கல்யாணம்?"

"கல்யாணம் இல்லண்ணாச்சி. ஹெட்போனுக்கு."

"காதுல மாட்டுறதுக்கா?" அவர் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தார். "காதுல மாட்டுறதுக்கு இம்புட்டுப் பெரிய டிரான்ஸ்பார்மரா? உங்க வீட்டுல யாருக்கு ஆனைக் காது?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பெரிய ஆம்ப்ளிபயரைச் சின்னச் சத்தத்தில் ஓட்டினால்தான் குரல் உடையாது, இரைச்சல் வராது, ஸ்பீக்கர் முனையில் ஹெட்போனை நேரடியாக மாட்டக் கூடாது, நடுவில் ரெசிஸ்டன்ஸ் போட வேண்டும். கேட்டுக்கொண்டே அவர் சாமான்களைக் காகிதத்தில் கட்டினார்.

"எல்லாம் சரிதான். ஒரு ஆளு கேக்குறதுக்கு ஊரு கேக்குற கரண்ட்டு. பாத்துய்யா, காது வழியா மூள வெளிய வந்துரப் போவுது."

ஹெட்போன் தேர்ந்தெடுப்பதிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடையில் இருந்தவை மெல்லிய கம்பியில் பஞ்சு ஒட்டிய சின்ன வகை. வெளிச்சத்தம் எல்லாம் உள்ளே வந்துவிடும். தெருவில் ஐஸ் வண்டி போனால் மதினி காணாமல் போய்விடுவாள். அண்ணனிடம் சவூதியில் வாங்கிய பெரிய ஹெட்போன் ஒன்று இருந்தது. காதை முழுவதும் மூடிக்கொள்ளும் தடித்த மெத்தை, நீளமான வயர். வயர் முனையில் இருந்த பின், பயணப் பெட்டியில் நசுங்கி உடைந்திருந்ததால் பயன்படாமல் கிடந்தது. பின்னை மாற்றினால் போதும். அதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

ஆம்ப்ளிபயர் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கியது. டூ இன் ஒன்னிலிருந்து இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் தனித்தனியாக எடுத்து அதில் கொடுத்தேன். பிறகு ஹெட்போன் வயரை வெட்டித் தோலை உரித்தேன். உள்ளே தலைமுடியைப் போல மெல்லிய இழைகள் மூன்று கொத்தாக இருந்தன. சிவப்பு வலது காதுக்கு, பச்சை இடது காதுக்கு, செம்பு நிறத்தில் இருந்தது இரண்டுக்கும் பொதுவான எர்த். சிவப்பிலும் பச்சையிலும் வார்னிஷ் பூசியிருப்பதால்தான் அந்த நிறம் என்பது தெரியும். தீக்குச்சியைக் காட்டி வார்னிஷைப் பொசுக்கிவிட்டு ஈயம் வைத்தேன். செம்பு நிறத்தில் இருந்தது வெறும் செம்புதானே என்று அப்படியே வைத்துப் பற்றவைத்தேன். ஈயம் அழகாக உருண்டு உட்கார்ந்தது. மீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து "ஆச்சாலே, ஆச்சாலே" என்றுகொண்டிருந்தான்.

முதலில் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டு நான் கேட்டேன். வயலின் கேட்டது, ஓரத்தில் தபேலா கேட்டது. பாடுகிறவர் மட்டும் இல்லை. பாட்டு ஆரம்பிக்க வேண்டிய இடம் வந்தது, போனது. அவருடைய எதிரொலி மட்டும் தூரத்தில் எங்கோ சுவரில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. பாடியவர் எழுந்து போன பிறகு அந்த அறையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

எங்கோ தப்பு என்று புரிந்தது. ஆனால் ஹெட்போனைக் கழற்றி நான் பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பதற்குள், அண்ணன் வீட்டுக் கேசட்டைப் போட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டான்.

கொஞ்ச நேரம் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு அவன் தரையைப் பிடித்துக்கொண்டான். உட்கார்ந்திருந்த ஆள், விழப்போகிறவன்போல இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டான்.

டேப் ஓடி நின்றதும் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் அவனே மாட்டினான். ரீவைண்ட் செய்து மறுபடி ஓட விட்டான்.

அம்மா இல்லை. அவ்வளவு நேரம் வீட்டை நிறைத்த குரல் துடைத்ததுபோலப் போயிருந்தது. இரைச்சல், எங்கோ ஒரு சேவல், அடுப்படியில் கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம். வளையல். ஓர் இருமல். அப்புறம், மெலிந்து, தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, மதினி.

"நல்லாருக்கேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

சிரித்துக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது. அப்புறம் சிரிப்பு இல்லாமல்:

"எனக்கு முடியல மாமி. ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

அந்த இடத்தில் அம்மா என்ன பேசுகிறாள் என்பது எங்கள் இருவருக்கும் மனப்பாடம். டூ இன் ஒன்னில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். 'மருமகளும் நல்லாருக்கா. இங்க ஒண்ணுக்கும் நீ கவலப்படாத. வேலையப் பாரு.'

காரணம் அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டேன். செம்பு நிற இழையிலும் வார்னிஷ் இருந்திருக்கிறது, நிறமில்லாத வார்னிஷ். அதைப் பொசுக்காததால் எர்த் சேரவில்லை. எர்த் இல்லாமல் இரண்டு காதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால், இரண்டு பக்கத்திலும் ஒன்றுபோல வருகிற சத்தம் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பக்கமாக ஒதுங்கி வருவது மட்டும் மிஞ்சும். அம்மா டேப்புக்கு நேர் எதிரே இருந்தாள். மதினி ஓரத்தில் நின்றாள்.

இதை அண்ணனுக்கு விளக்கினேன், படம்கூடப் போட்டுக் காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப இது தப்பான கனெக்ஷனா?"

"ஆமாண்ணே. ஒரு நிமிசத்துல சரி பண்ணிருவேன்."

"பண்ணாத," என்றான்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வான். வெளியே ஒரு சத்தமும் வராது. தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான். உதடு சிலசமயம் அசையும். எந்த இடத்தில் அசைகிறது என்பது எனக்குத் தெரியும்.

எனக்கும் அது பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் பாட்டு ஓடினால், நடுவில் பாடுகிறவரை எடுத்துவிட்டால் ஓரத்தில் யார் இருப்பார்கள் என்று காது தேடியது. வகுப்பில் வாத்தியார் பேசும்போது வாத்தியாரைத் தவிர மற்ற எல்லாம் கேட்டது. சாப்பிடும்போது அம்மா ஏதாவது சொன்னால் என் கண் தானாக அடுப்படி நிலைக்குப் போகும். மரத்தில் கை வைத்து வைத்து எண்ணெய் ஏறிய இடம் ஒன்று அங்கே கறுப்பாக இருந்தது. மதினியின் உயரத்துக்கு. அங்கிருந்து இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள், அப்போதெல்லாம் எங்களில் யார் நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

அம்மா அண்ணனிடம் இரண்டொரு தடவை கேட்டுப் பார்த்தாள். "என்னலே அதுல அம்புட்டு நேரம் கேக்குற?"

"நீ பேசுறதத்தாம்மா கேக்குறேன்."

"நான்தான் நேருல இருக்கேன்ல. என்கிட்டப் பேசேன்."

அவன் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொள்வான்.

ஒருநாள் அம்மா நேராக வந்து பாயில் உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினாள். "எனக்கும் குடு. நானும் கேக்குறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் ஒரு கணத்தில் புரிந்துகொண்டேன்.

"வயரு லூசா இருக்கும்மா," என்றான். "தம்பி பத்தவச்சுத் தருவான். பொறவு கேளு."

பின்னைக் கழற்றி, செம்பு இழையைத் தீக்குச்சியில் பொசுக்கினேன். வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தது. ஈயம் வைத்து இந்தத் தடவை மீட்டரிலும் பார்த்தேன். சரியாக இருந்தது. மாட்டிக் கேட்டேன். அம்மாவின் குரல் என் தலைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு கனமாக, அவ்வளவு பக்கத்தில். நான் கட்டிய ஆம்ப்ளிபயர் எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அப்படியே ஒலித்தது. மதினி அடியில் எங்கோ அமுங்கிப்போய்விட்டாள்.

அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். முக்காட்டுக்கு மேல் அது சரியாக உட்காரவில்லை, அண்ணன்தான் துணியை விலக்கி அழுத்திவிட்டான்.

"நான் எம்புட்டுச் சத்தமாப் பேசிருக்கேன்," என்றாள் அம்மா. ஹெட்போன் மாட்டியவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மழை வந்தது, கூரை மாற்றியது, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு ஒரு விரலைத் தூக்கினாள்.

"இந்தா, இந்த எடம்."

கையால் சைகை காட்டினாள். நான் நிறுத்தினேன். அவளே ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்கனதான் அவ சொன்னா."

"யாரும்மா?" என்றான் அண்ணன்.

"யாருன்னா கேக்குற? அந்த நெலையப் பிடிச்சிக்கிட்டு நின்னா. ஒன்னைய வரச் சொல்லச் சொன்னா. நான்தான் சொல்லல." அம்மா இருவரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தாள். "மஞ்சக்காமாலதான, கீழாநெல்லி அரச்சுக் குடுத்தாச் சரியாப் போயிரும்னு நெனச்சேன். நீ வந்துட்டா அந்த வேல போயிரும்னு நெனச்சேன். இன்னைக்கில்ல, அன்னையிலருந்து இந்த எடம் எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. அதுல அவ சத்தம் இருக்கான்னுதான் பாத்தேன். இல்ல. நான்தான் பேசுறேன்."

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். வெளியே பார்த்தபடி நின்றான். திரும்பி வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தான்.

"கேக்கணுமாம்மா?"

"கேக்க வைக்க முடியுமா?"

அவன் என் பக்கம் திரும்பினான். "கழட்டுலே."

பிளேடால் செம்பு இழையை அறுத்தேன். அறுப்பதற்கு ஒரு பலமும் தேவைப்படவில்லை. பின்னைத் திரும்பச் செருகி, டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி வைத்தேன். அண்ணன் அம்மாவின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டுத் தலையசைத்தான். பட்டனை அழுத்தினேன்.

அம்மாவின் நெற்றி சுருங்கியது. "என்னைய எங்கலே?" என்றாள் சத்தமாக. "நான் பேசுனதக் காணோமே."

சேவல் கூவும் இடம் போயிருக்கும். கரண்டி போயிருக்கும். அம்மாவின் முகத்தில் நெற்றி மெல்ல விரிந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை. ஆனால் இருக்கிற ஒருவரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"சொல்றேன்மா," என்றாள் அந்தப் பக்கம் பார்த்து. "சொல்றேன்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். காதில் ஹெட்போன் இருந்ததால் குரல் வீடு முழுக்க எதிரொலித்தது.

"ஏலே, அவளுக்கு முடியலையாம். ஒன்னைய ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்றா."

"வந்துட்டேம்மா," என்றான் அண்ணன்.

அம்மாவுக்குக் கேட்கவில்லை. பதிலுக்காக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.